சம்மர்ல இன்டர்மீடியேட் மைக்ரோவும் எகனாமெட்ரிக்ஸும் சேத்து எடுக்கலாமா?

கேள்வியை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், பதில் நீளமா போகும். கேள்வி கேட்ட தம்பி கோயம்புத்தூர்ல இருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர், எஃப்-1 விசா (மாணவர் விசா), எகனாமிக்ஸ் மேஜர், மே மாசத்தோட ரெண்டாவது வருஷம் முடியுது. ப்ரின்சிபிள்ஸ், அதாவது ஆரம்ப நிலை எகனாமிக்ஸ் கோர்ஸ் ரெண்டும் முடிச்சாச்சு, கால்குலஸ் ஒண்ணு முடிச்சாச்சு. சம்மர்ல ஆறு வார செஷன்ல இன்டர்மீடியேட் மைக்ரோவும் (அடுத்த நிலை மைக்ரோ எகனாமிக்ஸ்) எகனாமெட்ரிக்ஸும் (பொருளாதார டேட்டாவை ஸ்டாடிஸ்டிக்ஸ் வச்சு ஆராயறது) ஒரே நேரத்துல எடுத்துட்டா ஒரு செமஸ்டர் மிச்சம், சீக்கிரமா டிகிரியோட வெளிய வந்துடலாம்னு கணக்கு. வீட்டுல ரெண்டு வருஷமா பாக்கல, ஊருக்கு வாப்பான்னு கூப்பிடறாங்க. என்ன பண்ணலாம்?

மைக்ரோ மட்டும் எடுங்க. அதையும் ஆறு வார செஷன்ல எடுக்காதீங்க, எட்டு வார செஷன் இருந்தா அதுல எடுங்க. எகனாமெட்ரிக்ஸை செமஸ்டருக்கு வச்சுக்கங்க. ஊருக்கும் போயிட்டு வாங்க, அதுக்கு நேரம் இருக்கு, எப்படின்னு கீழ சொல்றேன். நான் பிஹெச்டி படிக்கும்போது சம்மர் செஷன்ல மைக்ரோவுக்கு டிஏவா (டீச்சிங் அசிஸ்டண்ட்) இருந்திருக்கேன், அப்புறம் எகனாமெட்ரிக்ஸ் செக்‌ஷனும் எடுத்திருக்கேன், நல்லா படிக்கற பசங்க எந்த வாரத்துல திணற ஆரம்பிப்பாங்கன்னு பக்கத்துல இருந்து பாத்ததை வச்சு சொல்றேன்.

முதல்ல நேரக் கணக்கு. அமெரிக்காவுல ஒரு கிரெடிட்னா வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிளாஸ், அதுக்கு மேல ரெண்டு மணி நேரம் சொந்தமா படிக்கறது, இப்படி சுமார் 15 வாரம். அதாவது ஒரு கிரெடிட்டுக்கு 45 மணி நேர உழைப்பு. உதாரணத்துக்கு கலிஃபோர்னியாவுல இருக்கற பெர்க்லி யுனிவர்சிட்டில ஒரு எகனாமிக்ஸ் கோர்ஸ் 4 யூனிட், அங்க கிரெடிட்டைத்தான் யூனிட்னு சொல்வாங்க, அப்ப 180 மணி நேரம். செமஸ்டர்ல இது வாரத்துக்கு 12 மணி நேரம்தான். அதே 180ஐ எட்டு வாரத்துல போட்டா வாரத்துக்கு 22 மணி நேரத்துக்கு மேல வருது, ஆறு வாரத்துல போட்டா 30. ரெண்டு கோர்ஸ் ஆறு வாரத்துலன்னா வாரத்துக்கு 60 மணி நேரம். சனி ஞாயிறு கூட லீவு இல்லாம வாரத்துல ஏழு நாளும் தினமும் எட்டரை மணி நேரம், அதுவும் கணக்கு போட்டுக்கிட்டே. உங்க யுனிவர்சிட்டில கோர்ஸ் 3 கிரெடிட்னா கூட ஆறு வாரத்துக்கு ரெண்டு சேத்து வாரம் 45 மணி நேரம் ஆகுது. சம்மர்னு குறைச்சுத் தருவாங்கன்னு நினைக்காதீங்க, கிரெடிட் அதே கிரெடிட், சிலபஸ் அதே சிலபஸ், நாள் மட்டும்தான் கம்மி.

சரி 60 மணி நேரம்தானே, நான் உக்காந்துடுவேன்னு சொல்லலாம். உக்காருவீங்க, சந்தேகமே இல்ல, நம்ம ஊரு பசங்க பன்னெண்டாவது பப்ளிக் எக்ஸாமுக்கு உக்காந்தவங்கதான். ஆனா மைக்ரோல பிரச்சனை உக்கார்ற நேரம் இல்ல, ஒரு விஷயம் முதல்ல கேக்கறதுக்கும் அது நிஜமாவே புரியறதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி வேணும், அதைத்தான் சம்மர் எடுத்துடுது.

ஒரு உதாரணத்தை முழுசாவே போடறேன். ஸ்லட்ஸ்கி டீகம்போசிஷன், அதாவது விலை மாறும்போது வாங்கற அளவு மாறறதை ரெண்டு காரணமா பிரிக்கறது, சம்மர்ல இது ரெண்டாவது வாரத்துலயே வந்துடும். ஒருத்தர்கிட்ட மாசம் 120 டாலர் இருக்கு. காபி ஒரு கப் 2 டாலர், மத்த எல்லா பொருளும் சேத்து ஒரு யூனிட் 1 டாலர்னு வச்சுக்கங்க. அவரு எப்பவும் பாதி பணத்தை காபிக்கு செலவு பண்றவரு, காப்-டக்ளஸ் யூட்டிலிட்டின்னு சொல்வாங்களே அது. அப்ப 30 காபி, 60 யூனிட் மத்தது. இப்ப காபி விலை 3 டாலர் ஆகுது. 60 டாலருக்கு 20 காபி. 30ல இருந்து 20க்கு வந்தாச்சு, 10 குறைஞ்சது. இதுவரைக்கும் எல்லாரும் கரெக்டா போட்டுடுவாங்க.

அடுத்த கேள்வி: இந்த 10ல எவ்வளவு காபி விலை ஏறினதால அவரு மத்த பொருள் பக்கம் திரும்பினதுக்கு, எவ்வளவு அவரு கையிருப்போட மதிப்பு குறைஞ்சதுக்கு? பழைய 30 காபியும் 60 யூனிட்டும் புது விலையில வாங்கணும்னா 90 + 60, 150 டாலர் வேணும். அந்த 150ஐ அவர் கையில கொடுத்துட்டு, இப்ப உன் இஷ்டப்படி வாங்குன்னு சொன்னா அவரு 75 டாலருக்கு காபி வாங்குவாரு, 25 கப். 30ல இருந்து 25, இது சப்ஸ்டிட்யூஷன் எஃபெக்ட், 5. அப்புறம் அந்த 30 டாலரை திரும்ப வாங்கிக்கிட்டா 25ல இருந்து 20, இது இன்கம் எஃபெக்ட், இன்னொரு 5. கணக்கு பத்து நிமிஷம். ஆனா செக்‌ஷன்ல போர்டுல இதைப் போட்டு முடிச்சதும் பின் பெஞ்சுல இருந்து யாராவது ஒருத்தர் தவறாம கேப்பாங்க, "யாருமே கொடுக்காத 30 டாலரை நாம எதுக்குக் கொடுக்கறோம்?" ரொம்ப நல்ல கேள்வி. அதுக்கு நான் சொல்ற பதில், அது நிஜப் பணம் இல்ல, விலை மாறினதோட ரெண்டு விளைவையும் தனித்தனியா பிரிச்சுப் பாக்க நாம மனசுக்குள்ள கொடுக்கற பணம்னு. தலையாட்டுவாங்க. புரிஞ்சிருக்காது.

அது எப்ப புரியும்னா, அடுத்த ப்ராப்ளம் செட்ல (வீட்டுல போட்டுக் கொடுக்கற கணக்குத் தாள்) அரசாங்கம் பெட்ரோலுக்கு வரி போட்டு, வசூலான பணத்தை எல்லாருக்கும் சமமா திருப்பிக் கொடுக்குது, பெட்ரோல் உபயோகம் குறையுமா குறையாதா, அப்படின்னு ஒரு கேள்வி வரும். "பணம்தான் திரும்ப வந்துடுதே, அப்புறம் எப்படி குறையும்"னு முதல்ல தோணும். அதோட ரெண்டு நாள் மல்லுக்கட்டி, நடந்து போகும்போது யோசிச்சு, திடீர்னு ஆமா அந்த 30 டாலரும் இதுவும் ஒரே விஷயம், பணம் திரும்ப வந்தாலும் விலை விகிதம் மாறினது மாறினதுதானேன்னு பிடிபடும்போதுதான் ஸ்லட்ஸ்கி உங்களோடது. கார்பன் வரி பத்தி பேப்பர்ல வர்ற வாதம் பாதிக்கு மேல இந்த ஒரு பாயின்ட்ல நிக்குது. செமஸ்டர்ல அந்த கேள்விக்கு ஒரு வாரம் டைம் இருக்கும், நடுவுல ஒரு வீக்கெண்ட் இருக்கும். ஆறு வார சம்மர்ல செவ்வாய்க்கிழமை ஸ்லட்ஸ்கி, வியாழக்கிழமை ப்ராப்ளம் செட் சப்மிட் பண்ணணும், அதே வியாழக்கிழமை லெக்சர்ல ப்ரொடக்‌ஷன் ஃபங்க்‌ஷன் ஆரம்பிச்சிருக்கும். பசங்க என்ன பண்றாங்க, ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணிட்டு கடந்து போயிடறாங்க. மிட்டர்ம்ல (கோர்ஸ் நடுவுல வர்ற பரீட்சை) மார்க் கூட வந்துடும். ஆனா கடைசி ரெண்டு வாரத்துல ஜெனரல் ஈக்விலிப்ரியம், அதாவது எல்லா மார்க்கெட்டையும் சேத்துப் பாக்கறது, அதுக்குப் போடற எட்ஜ்வொர்த் பாக்ஸ் படம், இதெல்லாம் வரும்போது முதல் ரெண்டு வாரத்துல விட்ட ஓட்டை எல்லாம் ஒரே நேரத்துல தெரியும்.

இவ்வளவும் சொல்லிட்டு ஏன் மைக்ரோவை சம்மர்ல எடுக்கச் சொல்றேன்னா, ஒரே ஒரு கோர்ஸா எட்டு வாரத்துல எடுத்தா அது செமஸ்டரை விட நல்லாவே அமையும். செமஸ்டர்ல நீங்க நாலு அஞ்சு கோர்ஸுக்கு நடுவுல மைக்ரோ படிப்பீங்க, திங்கக்கிழமை லெக்சர் கேட்டுட்டு வெள்ளிக்கிழமைதான் நோட்ஸ் எடுத்துப் பாப்பீங்க, அதுக்குள்ள மறந்திருக்கும். சம்மர்ல தினமும் அதே சப்ஜெக்ட்ல ஊறிக் கிடக்கலாம். மைக்ரோ முழுக்க ஒரே யோசனைதான் திரும்பத் திரும்ப வருது, ஒரு எல்லைக்குள்ள எது சிறந்ததோ அதைத் தேர்ந்தெடுக்கறது: நுகர்வோர் பட்ஜெட்டுக்குள்ள, கம்பெனி செலவுக்குள்ள, மோனோபாலி டிமாண்ட் கர்வுக்குள்ள. அதுக்கான கணக்கு முறையான லாக்ராஞ்சியன் ஒரு தடவை கை வந்துட்டா அது எல்லா இடத்துலயும் உதவும். தொடர்ச்சியா படிக்கும்போது இந்த ஒற்றுமை கண்ணுக்குத் தெரியும், செமஸ்டர்ல சிதறிப் போயிடும். எட்டு வாரமும் ஒரே கோர்ஸும்னா, மேல சொன்ன யோசிக்கற இடைவெளியும் கிடைக்குது, தொடர்ச்சியும் கிடைக்குது.

இன்னொரு விஷயம், கிளாஸ் சின்னது. பெரிய ஸ்டேட் யுனிவர்சிட்டில செமஸ்டர்ல இன்டர்மீடியேட் மைக்ரோ லெக்சர்ல நூத்துக்கணக்குல ஆள் இருப்பாங்க, சம்மர்ல அதுல ஒரு பங்குதான். ஆபீஸ் ஹவர்ஸ்ல க்யூ கிடையாது. நீங்க போயி ஒரு மணி நேரம் உக்காந்து ஒரே கேள்வியை நாலு விதமா கேக்கலாம். ஆனா யாரு சொல்லிக்கொடுக்கறாங்கன்னு பாருங்க. அமெரிக்காவுல பெரும்பாலான ப்ரொஃபசர்களுக்கு யுனிவர்சிட்டி சம்பளம் ஒன்பது மாசத்துக்குத்தான், சம்மர்ல அவங்க ரிசர்ச்சுக்குப் போயிடுவாங்க. ஜூலைல மாசச்சூசெட்ஸ் கேம்பிரிட்ஜ்ல என்பிஇஆர்ங்கற எகனாமிக்ஸ் ஆராய்ச்சி அமைப்போட சம்மர் இன்ஸ்டிட்யூட் நடக்கும், எகனாமிக்ஸ் உலகத்துல பெரிய பேருங்க பாதிப் பேரு அங்கதான் இருப்பாங்க. அதனால சம்மர் கோர்ஸ் பெரும்பாலும் சீனியர் பிஹெச்டி ஸ்டூடண்ட் இல்லேன்னா லெக்சரர் எடுப்பாங்க.

இது மோசம்னு நினைக்காதீங்க. பிஹெச்டி ஸ்டூடண்ட்டுக்கு இதுதான் சொந்தமா எடுக்கற முதல் கோர்ஸா இருக்கும், டீச்சிங்ல பேரு வாங்கணும்ங்கற அக்கறை இருக்கும், நீங்க எங்க தடுக்கி விழுவீங்கன்னு அவங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். நான் பாத்த வரைக்கும் சம்மர் இன்ஸ்ட்ரக்டர்கள் நல்லாவே சொல்லிக்கொடுக்கறாங்க. ஆனா நாளைக்கு பிஹெச்டிக்கோ ரிசர்ச் வேலைக்கோ அப்ளை பண்ணும்போது ரெகமெண்டேஷன் லெட்டர் வேணும், அது ரிசர்ச் பண்ற ப்ரொஃபசர்கிட்ட இருந்து வந்தாத்தான் எடை. சம்மர்ல எடுத்த கோர்ஸ்ல இருந்து அப்படி ஒரு லெட்டர் வர்றது கஷ்டம். எகனாமெட்ரிக்ஸை செமஸ்டருக்கு வைங்கன்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம், ஏன்னா எகனாமெட்ரிக்ஸ்ல நல்லா பண்ற பையனைத்தான் ப்ரொஃபசருங்க ரிசர்ச் அசிஸ்டண்ட்டா கூப்பிடுவாங்க.

(சம்மர் செஷன் இருக்கறதே எதுக்குன்னு பாத்தா, ஹார்வர்டுல 1871லயே ஆரம்பிச்சாச்சு, அந்தக் காலத்துல வந்தவங்கள்ல நிறைய பேரு ஸ்கூல் டீச்சருங்க, லீவுல படிச்சு மேல வரணும்னு. சிகாகோ யுனிவர்சிட்டி 1892ல கிளாஸ் ஆரம்பிச்சப்ப அதோட முதல் பிரசிடெண்ட் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் வருஷத்தை நாலு குவார்ட்டரா பிரிச்சு, சம்மரையும் மத்த மூணுக்கு சமமான ஒரு குவார்ட்டரா வச்சாரு. சம்மர் கோர்ஸ்னா மட்டம்னு நினைக்கறவங்களுக்கு இதைச் சொல்லணும்னு தோணிச்சு.)

இப்ப எகனாமெட்ரிக்ஸ். இது ஏன் ஆறு வாரத்துல வேணாம்னா, அதுல மூணு வேற வேற திறமை ஒரே நேரத்துல வளரணும். ப்ராபபிலிட்டி, அதாவது எக்ஸ்பெக்டேஷன், வேரியன்ஸ், சாம்ப்ளிங் டிஸ்ட்ரிப்யூஷன் இதெல்லாம் கை விரல்ல இருக்கணும். அப்புறம் ஆர் (R) இல்லேன்னா ஸ்டேட்டா (Stata)ங்கற ஸ்டாடிஸ்டிக்ஸ் சாஃப்ட்வேர்ல கோட் எழுதத் தெரியணும். மூணாவதுதான் எகனாமெட்ரிக்ஸே, அதாவது இந்த நம்பரை எதுக்கு நம்பணும், எதுக்கு நம்பக்கூடாதுன்னு யோசிக்கற பழக்கம். சம்மர்ல முதல் ரெண்டும் நேரத்தைச் சாப்பிட்டுடும், மூணாவது நடக்கவே நடக்காது. பசங்க ராத்திரி ரெண்டு மணிக்கு கோட் எர்ரரைத் தேடிக்கிட்டு இருப்பாங்க, ஆமிட்டட் வேரியபிள் பயஸ்னா, அதாவது முக்கியமான ஒரு காரணத்தை கணக்குல விட்டதால வர்ற தப்புன்னா, என்னன்னு யோசிக்க நேரமே இருக்காது.

அந்த மூணாவது விஷயம் எப்படி இருக்கும்னு காட்டறேன். 1992 ஏப்ரல்ல நியூ ஜெர்சில மினிமம் வேஜ் 4.25 டாலர்ல இருந்து 5.05 ஆச்சு. பக்கத்துல இருக்கற பென்சில்வேனியால ஏறல. டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர்னு ரெண்டு எகனாமிஸ்ட் ரெண்டு பக்கமும் சேத்து 410 ஃபாஸ்ட் ஃபுட் கடைங்களை அந்த சம்பளம் ஏறறதுக்கு முன்னாடி ஒரு தடவை, அப்புறம் அந்த வருஷக் கடைசில ஒரு தடவை சர்வே பண்ணாங்க, 1994ல பேப்பர் வந்துச்சு. ஒரு கடைக்கு சராசரியா எத்தனை முழுநேர வேலையாட்களுக்குச் சமம்னு பாத்தா, நியூ ஜெர்சில 20.44ல இருந்து 21.03. பென்சில்வேனியால 23.33ல இருந்து 21.17. நியூ ஜெர்சி மாற்றம் கிட்டத்தட்ட 0.6 கூடுது, பென்சில்வேனியா 2.16 குறையுது, ரெண்டுக்கும் வித்தியாசம் சுமார் 2.75. கழித்தல் கணக்குதான், அஞ்சாம் கிளாஸ் பையன் போட்டுடுவான். சம்பளத்தை ஏத்தினா வேலை குறையும்னு ப்ரின்சிபிள்ஸ் கிளாஸ்ல படிச்சோமே, இங்க குறையலையேன்னு அப்ப பெரிய சண்டையே வந்துச்சு.

ஆனா உக்காந்து யோசிச்சா கேள்வி வரிசையா வரும். நியூ ஜெர்சில கூடினது கொஞ்சம்தான், அந்த 2.75ல பெரும்பங்கு பென்சில்வேனியால குறைஞ்சதுல இருந்துதான் வருது, அது ஏன் குறைஞ்சது? சட்டம் வரலேன்னா நியூ ஜெர்சியும் பென்சில்வேனியா மாதிரியே குறைஞ்சிருக்கும்னு நாம நம்பறோமே, அதுக்கு என்ன ஆதாரம்? ஃபோன்ல கேட்ட சர்வேல தப்பு இருக்காதா? நியூமார்க், வாஷர்னு வேற ரெண்டு எகனாமிஸ்ட் கடைகளோட பேரோல் ரெக்கார்டை எடுத்து 2000த்துல எதிர்ப்பா எழுதினாங்க, கார்டும் க்ரூகரும் அதே இதழ்ல பதில் கொடுத்தாங்க. க்ரூகர் 2019ல இறந்துட்டாரு, 2021ல கார்டுக்கு நோபல் கிடைச்சது. நாலு நம்பருக்குப் பின்னாடி இத்தனை வருஷ வாதம். இதை அனுபவிச்சு படிக்கணும் தம்பி, ஆறு வாரத்துல இது ஒரு ஸ்லைடு, டிஃபரன்ஸ் இன் டிஃபரன்சஸ்னு ஒரு தலைப்பு, அவ்வளவுதான். எகனாமிக்ஸ் மேஜர்ல வேலைக்குப் போனாலும் மேல படிச்சாலும் கடைசி வரைக்கும் உங்களுக்கு சோறு போடப் போறது இந்தக் கோர்ஸ்தான், இதுல அவசரப்பட்டா அந்த ஓட்டை வாழ்க்கை முழுக்க தெரியும். அந்த டேட்டா இலவசமாவே கிடைக்குது, சம்மர்ல சாயங்காலம் சும்மா இருக்கற நேரத்துல ஆர்ல போட்டு அந்த நாலு நம்பரும் வருதான்னு பாருங்க, ஃபால்ல, அதாவது ஆகஸ்ட் கடைசில தொடங்கற செமஸ்டர்ல, எகனாமெட்ரிக்ஸுக்கு அதை விட நல்ல தயாரிப்பு கிடையாது.

ஊருக்குப் போற விஷயத்துக்கு வருவோம். நிறைய யுனிவர்சிட்டில ஸ்ப்ரிங் செமஸ்டர் மே நடுவுல முடிஞ்சிடும். பெர்க்லிய எடுத்துக்கிட்டா ஆறு வார செஷன் ஒண்ணு மே கடைசில ஆரம்பிக்கும், இன்னொண்ணு ஜூலை தொடக்கத்துல, ஆனா எட்டு வார செஷன் ஜூன் கடைசில ஆரம்பிச்சு ஆகஸ்ட் நடுவுல முடியும். உங்க காலேஜ்லயும் இதே மாதிரி அமைப்பு இருக்கான்னு பாருங்க. இருந்தா மே நடுவுல கிளம்பி ஜூன் மூணாவது வாரம் திரும்பினா ஒரு மாசம் முழுசா ஊர்ல. அம்மா கையால சாப்பிட்டு, அந்த ஒரு மாசத்துல காலைல ரெண்டு மணி நேரம் மட்டும் கணக்குக்கு ஒதுக்குங்க. அது போதும். பார்ஷியல் டெரிவேடிவ், செயின் ரூல், லாக்ராஞ்ச் மெத்தட், இந்த மூணையும் யோசிக்காம போடற அளவுக்குக் கொண்டு வந்துடுங்க. சம்மர் மைக்ரோல தோத்துப் போனவங்களை நான் பாத்திருக்கேன், அவங்கள்ல ஒருத்தர் கூட எகனாமிக்ஸ் புரியாம தோக்கல, டெரிவேடிவ் எடுக்கறதுலயே நேரம் போயி எகனாமிக்ஸ் பக்கம் வரவே முடியாம போனவங்கதான். எம்ஐடி ஓபன் கோர்ஸ்வேர்ல ஜோனத்தன் க்ரூபரோட மைக்ரோ லெக்சர் வீடியோ இலவசமா இருக்கு, அது ப்ரின்சிபிள்ஸ் லெவல்னாலும் ஃப்ளைட்டுக்குக் காத்திருக்கற நேரத்துல பாக்க அருமையா இருக்கும். ஹால் வேரியனோட இன்டர்மீடியேட் மைக்ரோ புக்கை பழைய எடிஷனா வாங்கிக்கங்க, 1987ல முதல்ல வந்தது, பல எடிஷன் வந்தாச்சு, பழசும் புதுசும் அடிப்படைல ஒண்ணுதான். கால்குலஸ் எல்லாம் அதிகாரத்துக்குப் பின்னாடி அப்பெண்டிக்ஸ்ல வச்சிருப்பாரு, அதை விட்டுடாதீங்க, உங்க எக்ஸாம் அங்க இருந்துதான் வரும்.

கிளம்பறதுக்கு முன்னாடி ஐ-20ல (எஃப்-1 விசாவுக்காக காலேஜ் கொடுக்கற சான்று) டிராவல் சிக்னேச்சர், அதாவது திரும்பி வர காலேஜ் போடற கையெழுத்து, இருக்கான்னு பாருங்க, ஒரு வருஷத்துக்குள்ள வாங்கினதா இருக்கணும். விசா ஸ்டாம்பிங் தேதி முடிஞ்சிருந்தா இந்தியாவுல புது அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறதைப் பொறுத்துதான் எல்லாமே, அதை உறுதி பண்ணாம டிக்கெட் போடாதீங்க.

விசா பக்கம் இன்னும் ரெண்டு விஷயம். ஒரு அகாடமிக் வருஷம் முழுசா படிச்ச எஃப்-1 மாணவருக்கு சம்மர் லீவு மாதிரிதான், ஃபால்ல திரும்பப் படிக்கப் போறீங்கன்னா சம்மர்ல முழு லோடு எடுக்கணும்னு கட்டாயம் இல்ல. ஒரு கோர்ஸ் எடுக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம். அதனால "விசாவுக்காக ரெண்டு கோர்ஸ் எடுத்தே ஆகணும்"னு யாராவது ஃப்ரெண்ட் சொன்னா நம்பாதீங்க, இன்டர்நேஷனல் ஆபீஸ்ல கேளுங்க.

ரெண்டாவது இதை விட முக்கியம். ஒரு செமஸ்டர் முன்னாடி டிகிரி முடிக்கறதுல என்ன லாபம்னு யோசிச்சீங்களா? ஒரு செமஸ்டர் ஃபீஸ் மிச்சம், அது சின்னத் தொகை இல்ல, வீட்டுக்குக் கடன் இருந்தா அது பெரிய காரணம்தான், ஒத்துக்கறேன். ஆனா டிகிரிக்கு அப்புறம் எஃப்-1ல வேலை பாக்கற அனுமதி, ஓபிடின்னு பேரு, 12 மாசம்தான், ஸ்டெம் (அறிவியல், டெக்னாலஜி, இன்ஜினியரிங், கணிதம்) டிகிரியா இருந்தா மேல 24 மாசம். எகனாமிக்ஸ்ல இது உங்க டிபார்ட்மென்ட் எந்த சிஐபி கோடுல (படிப்போட வகையைக் குறிக்கற அரசு நம்பர்) டிகிரி கொடுக்குதுங்கறதைப் பொறுத்தது. 45.0601, அதாவது ஜெனரல் எகனாமிக்ஸ்னா ஸ்டெம் கிடையாது. 45.0603, எகனாமெட்ரிக்ஸ் அண்ட் குவான்டிடேட்டிவ் எகனாமிக்ஸ்னா ஸ்டெம் லிஸ்ட்ல இருக்கு. உங்க ஐ-20ல இந்த நம்பர் போட்டிருக்கும், இன்னைக்கே எடுத்துப் பாருங்க. 0601னு இருந்து, உங்க காலேஜ்ல குவான்டிடேட்டிவ் ட்ராக் தனியா இருந்தா, சீக்கிரம் முடிக்கறதை விட அந்த ட்ராக்குக்கு மாறி கூட ஒரு மேத்ஸ் கோர்ஸ் எடுக்கறதுல லாபம் பல மடங்கு. ஒரு செமஸ்டரை மிச்சம் பிடிக்கப் போயி ரெண்டு வருஷ வேலை அனுமதியை விட்டவங்க இருக்காங்க. யாரும் கூப்பிட்டு சொல்ல மாட்டாங்க இதை, அதான் கொஞ்சம் அழுத்தி சொல்றேன். ஆஃபர் டைமிங்கும் பாருங்க, பெரிய கம்பெனிங்க புது ஆட்களை எடுக்கறது பெரும்பாலும் மே மாசம் டிகிரி முடிக்கறவங்களை வச்சுத்தான், டிசம்பர்ல முடிச்சா நடுவுல சில மாசம் ஓபிடி சும்மா ஓடும், அதுலயும் வேலை இல்லாம இருக்க 90 நாள்தான் அனுமதி.

காசு. சம்மர் ஃபீஸ் பெரும்பாலும் கிரெடிட் கணக்குல வாங்குவாங்க. உங்க ஸ்காலர்ஷிப் சம்மருக்குச் செல்லுமான்னு கேளுங்க, நிறைய ஸ்காலர்ஷிப் ஃபால், ஸ்ப்ரிங்குக்கு மட்டும்தான். சில ஸ்டேட் யுனிவர்சிட்டில வெளி மாநில, வெளிநாட்டு மாணவர்கள்கிட்ட வாங்கற கூடுதல் தொகை சம்மர்ல இருக்காது, அப்படி இருந்தா சம்மர்ல எடுக்கற ஒரு கோர்ஸே நல்ல மிச்சம்தான். கம்யூனிட்டி காலேஜ்ல மலிவா முடிச்சுக்கலாமேன்னு சிலர் சொல்வாங்க. ப்ரின்சிபிள்ஸ், கால்குலஸ், ஸ்டாடிஸ்டிக்ஸுக்கு அது நல்ல வழி, ட்ரான்ஸ்ஃபர் ஆகுமான்னு முன்கூட்டியே எழுத்துல வாங்கிக்கிட்டு தாராளமா எடுங்க. ஆனா இன்டர்மீடியேட் மைக்ரோ அப்பர் டிவிஷன் கோர்ஸ், அதாவது கடைசி ரெண்டு வருஷத்துக்கான மேல் நிலை கோர்ஸ், பொதுவா அங்க கிடைக்காது, கிடைச்சாலும் மேஜருக்கு ஏத்துக்கறது சந்தேகம். பிஹெச்டி எண்ணம் துளி இருந்தாலும் மைக்ரோ கிரேடு உங்க சொந்த யுனிவர்சிட்டி ட்ரான்ஸ்கிரிப்ட்ல இருக்கணும், அட்மிஷன் கமிட்டி முதல்ல தேடறது அதையும் மேத்ஸ் கிரேடையும்தான்.

செஷன் ஆரம்பிச்சதும் எப்படி படிக்கறதுன்னு நீட்டி எழுதல, ஒண்ணு மட்டும் சொல்றேன். ப்ராப்ளம் செட் கையில வந்த அன்னைக்கே எல்லா கேள்வியையும் ஒரு தடவை தனியா உக்காந்து முயற்சி பண்ணிடுங்க, முடியலேன்னாலும் பரவால்ல, எங்க நின்னுச்சுன்னு ஒரு வரி எழுதி வைங்க. மறுநாள் ஆபீஸ் ஹவர்ஸுக்கு அந்த ஒரு வரியோட போங்க. "இது புரியல"ன்னு வர்ற பையனுக்கு என்னால லெக்சரைத் திரும்ப சொல்லத்தான் முடியும், "இங்க விலை விகிதத்தை எம்ஆர்எஸ்ஸுக்கு சமம்னு போட்டேன், ஆனா கார்னர்ல அது எப்படி செல்லும்னு தெரியல"ன்னு வர்ற பையனுக்கு ரெண்டே நிமிஷத்துல முடிச்சை அவிழ்த்துடலாம். க்ரூப் ஸ்டடி அதுக்கு அப்புறம்தான். முதல்லயே க்ரூப்பா உக்காந்தா வேகமான ஒருத்தர் போட்டுடுவாரு, மத்தவங்க எழுதிக்குவாங்க. சாட்ஜிபிடிகிட்ட கேட்டாலும் அதே கதைதான், விடை வரும், ஆனா மிட்டர்ம்ல உங்க கை ஓடாது. பார்ட் டைம் வேலை இருந்தா மிட்டர்ம் வாரத்துலயாவது ஷிஃப்டைக் குறைச்சுக்கங்க.

கடைசியா தேதிகள். சம்மர்ல ட்ராப் பண்றதுக்கான கெடு ரொம்ப சீக்கிரம் வந்துடும், ஆறு வார செஷன்ல சில இடத்துல முதல் மிட்டர்ம் மார்க் வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும், ஃபீஸ் திரும்பக் கிடைக்கற கெடு அதுக்கும் முன்னாடி. சிலபஸ் கையில வந்ததும் அந்த மூணு தேதியையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க. முதல் ப்ராப்ளம் செட் ட்ராப் கெடுவுக்கு முன்னாடி வருதுன்னா அதை உங்க டெஸ்ட்டா வச்சுக்கங்க: தனியா உக்காந்து பாதிக்கு மேல போட முடிஞ்சா தொடருங்க, முடியலேன்னா ட்ராப் பண்ணிட்டு ஃபால்ல எடுங்க, ட்ரான்ஸ்கிரிப்ட்ல எதுவும் ஏறாது. உங்க காலேஜ் பேரு, ஐ-20ல இருக்கற சிஐபி நம்பர், எட்டு வார செஷன் இருக்கா இல்லையா, இந்த மூணையும் கீழ போடுங்க, ஃபால் செமஸ்டருக்கு எகனாமெட்ரிக்ஸோட வேற எந்த கோர்ஸ் சேரும்னு பாத்து சொல்றேன்.